மருந்து ஆலையில் நுண்ணுயிர்க் கண்காணிப்பு: தட்டு வைப்பது முதல் மூல காரணம் காண்பது வரை

கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணியிலிருந்து பீடோங் பக்கம் போகும் சாலையோரத்தில் முன்பு பால்மரக் (ரப்பர்) காடாக இருந்த பல இடங்களில் இன்று செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் சீருடை அணிந்து விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்து ஏறுகிறார்கள். அவர்களில் சிலர் கிருமியற்ற ஊசி மருந்தும் கண் சொட்டு மருந்தும் தயாரிக்கும் ஆலைகளின் நுண்ணுயிரியல் பிரிவில் சேர்கிறார்கள். சேர்ந்த முதல் வாரத்தில் வேலை செய்யும் முறையைப் படிப்படியாக எழுதிய எஸ்.ஓ.பி. கட்டு ஒன்றைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். நுண்ணுயிர்களைப் பிடித்து வளர்த்துப் பார்க்கும் தட்டுகளில் எதை எங்கே, எத்தனை மணி நேரம் வைக்க வேண்டும் என்று அதில் இருக்கும். ஏன் அங்கே, ஏன் அத்தனை மணி நேரம் என்பது பெரும்பாலும் இருக்காது. அந்த ஏனுக்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

என் அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. சரியாகக் கழுவாத வாளியில் ஊற்றினால், ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுப்பதற்குள் பால் திரிந்துவிடும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பாலைத் திரிய வைப்பது அதில் பெருகும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அமிலம். வாளியில் சிறிது அமோனியா விடுவது அதைத் தள்ளிப்போடத்தான். ஆனால் மரத்துப்பால் கெட்டால் கண்ணுக்கும் தெரியும், மூக்குக்கும் தெரியும். ஊசி மருந்துக் குப்பிக்குள் பத்து நுண்ணுயிர்கள் விழுந்தால் ஒன்றும் தெரியாது. மருந்து தெளிந்த நீராகவே இருக்கும்.

முடிவில் குப்பிகளைச் சோதித்தால் போதாதா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கிருமியின்மைச் சோதனைக்குப் பெரிய பேட்ச் (ஒரே முறையில் தயாரித்த தொகுதி) ஒன்றிலிருந்து வழக்கமாக 20 குப்பிகள் எடுத்து 14 நாள் வைத்துப் பார்க்கிறோம். ஆயிரம் குப்பிக்கு ஒரு குப்பி வீதம் மாசுபட்டிருந்தால், அந்த 20இல் ஒன்றாவது அகப்படுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டுதான். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு முறை சோதனை சுத்தம் என்றே சொல்லும். ஆகவே, மருந்து திறந்திருக்கும் நேரத்தில் அதைச் சுற்றியிருந்த காற்றும் மேசையும் கைகளும் எப்படி இருந்தன என்பதைத் தனியாகத் தெரிந்துகொண்டே தீர வேண்டும்.

தெரிந்துகொண்டால் மட்டும் போதாது என்பதற்கு ஒரு துயரமான சான்று இருக்கிறது. 2012ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர் தயாரித்த மெத்தில்பிரெட்னிசொலோன் ஊசி மருந்தில் பூஞ்சை கலந்திருந்ததால் 750க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்நிறுவனத்தின் சுத்த அறைகளில் அதே ஆண்டு எடுத்த மாதிரிகளிலேயே பாக்டீரியாவும் பூஞ்சையும் எல்லை மீறி வளர்ந்திருந்ததை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் பின்னர் பதிவேடுகளில் கண்டார்கள். தட்டுகள் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றன. அதற்காக நடவடிக்கை எடுத்ததற்கான பதிவுதான் இல்லை.

முதல் படி: அறையைக் காலால் நடந்து தெரிந்துகொள்ளுங்கள்

மலேசியா 2002ஆம் ஆண்டு முதல் பிக்ஸ் எனப்படும் மருந்து ஆய்வு ஒத்துழைப்பு அமைப்பின் உறுப்பு நாடு. ஆகவே பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் அதிகாரிகள் நம் ஆலைக்கு வரும்போது கையில் வைத்திருக்கும் அளவுகோல், அந்த அமைப்பின் நல்ல உற்பத்தி நடைமுறை வழிகாட்டியும் கிருமியற்ற மருந்துகளுக்கான அதன் முதலாம் இணைப்பும் ஆகும். அந்த இணைப்பின் திருத்திய வடிவம் 2023 ஆகஸ்ட் 25இல் நடைமுறைக்கு வந்தது. மருந்து திறந்திருக்கும் இடம் ஏ தரம். அதைச் சுற்றியுள்ள அறை பி தரம். கரைசல் தயாரிப்பு போன்ற, ஆபத்து குறைந்த வேலைகளுக்கு சி, டி தரங்கள்.

வரைபடத்தைப் பார்த்து இதை மனப்பாடம் செய்யலாம். நான் அதைப் போதும் என்று சொல்ல மாட்டேன். உற்பத்தி இல்லாத ஒரு நாளில் அனுமதி பெற்று, சரக்கு எந்த வழியாக நுழைகிறது, ஆட்கள் எங்கே உடை மாற்றுகிறார்கள், எந்தக் கதவை அடிக்கடி திறக்கிறார்கள், நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியிலிருந்து இறங்கும் காற்று எந்த வழியாக வெளியேறுகிறது என்று நடந்து பாருங்கள். தரம் மாறும் இரு அறைகளுக்கு இடையே குறைந்தது 10 பாஸ்கல் அழுத்த வேறுபாடு இருக்க வேண்டும். சுவரில் இருக்கும் அழுத்தமானியைக் கதவு திறக்கும்போது பாருங்கள். முள் எவ்வளவு சரிகிறது, எத்தனை நொடியில் மீள்கிறது என்பது அந்தக் கதவின் குணத்தைச் சொல்லிவிடும். புகை விட்டுக் காற்றோட்டத்தைப் படம் பிடித்த காணொளி ஆலையில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இயந்திரத்தை இயக்குபவர் கை நீட்டும்போது புகை எங்கே சுழல்கிறதோ, அங்கேதான் உங்கள் தட்டுக்கு வேலை இருக்கிறது.

இரண்டாம் படி: இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

மாதிரி எடுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்விகள் போதும். இங்கே நுண்ணுயிர் இருந்தால் அது மருந்துக்குள் போகுமா? இங்கே நுண்ணுயிர் வந்து சேர எவ்வளவு வாய்ப்பு? ஒரு பட்டியலில் ஒவ்வொரு இடத்தின் பெயரையும் எழுதி, பக்கத்தில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை எழுதினால், எந்த மூலையில் வைத்த தட்டு வெறும் சடங்கு என்பது தானாகவே தெரியும்.

நேரமும் இடத்தைப் போலவே முக்கியம். சுத்தம் செய்து முடித்த கையோடு, ஆளில்லாத அறையில் எடுக்கும் மாதிரி அறையின் நல்ல முகத்தை மட்டுமே காட்டும். ஆட்கள் நிறைந்து, இயந்திரம் ஓடி, இடையில் குப்பி சிக்கி ஒருவர் கைவிட்டு எடுத்த நேரத்தில் தட்டு இருந்திருக்க வேண்டும். ஏ தரப் பகுதியில் இயந்திர உதிரிகளைப் பூட்டும் நேரத்திலிருந்து கடைசிக் குப்பி மூடப்படும் வரை இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும் என்று முதலாம் இணைப்பே கேட்கிறது.

நம் ஊருக்கே உரிய ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்துச் செம்மண்ணில் பேசில்லஸ் வகைப் பாக்டீரியாக்களின் வித்துகள் (ஸ்போர் எனப்படும், எளிதில் சாகாத உறங்குநிலை வடிவங்கள்) ஏராளம். மழைக்காலத்தில் காலணியோடும், சரக்கு லாரியின் சக்கரத்தோடும் அவை ஆலை வாசல் வரை வந்துவிடுகின்றன. சரக்கு நுழையும் ஏர்லாக்கின் (இரு கதவுகளுக்கு இடைப்பட்ட அறையின்) தரையும் முதல் உடைமாற்று அறையின் பெஞ்சுக்குக் கீழும் எந்த அயல்நாட்டு மாதிரித் திட்டத்திலும் முதலிடம் பெறாமல் இருக்கலாம். இங்கே அவற்றுக்கு முதலிடம் கொடுங்கள்.

மூன்றாம் படி: தட்டை நம்புவதற்கு முன் தட்டைச் சோதியுங்கள்

தட்டில் இருக்கும் அகாரை நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தீபாவளிக்கு வண்ண வண்ணமாகக் காய்ச்சி ஊற்றி வெட்டி வைக்கும் அகார்-அகார்தான் அது. பெயரே மலாய்ச் சொல். 1881இல் ஃபானி ஹெஸ்ஸே என்ற பெண்மணிதான் சமையலறையில் பழகிய இந்தப் பொருளை, ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வேலை செய்த தம் கணவருக்குப் பரிந்துரைத்தார். அதுவரை பயன்படுத்திய ஜெலட்டின் வெப்பத்தில் உருகிவிடும். அகார், தட்டுகளை வைத்து நுண்ணுயிர்களை வளர்க்கும் இன்குபேட்டரின் சூட்டிலும் கெட்டியாகவே நிற்கும். இத்தனை ஆண்டுகளாகியும் அதன் இடத்தை வேறொன்று பிடிக்கவில்லை.

பொதுவான எண்ணிக்கைக்குச் சோயாபீன்-கேசின் அகார். பூஞ்சைக்குத் தனியாகப் பார்ப்பதென்றால் சபோரோ அகார். வரும் ஒவ்வொரு லாட்டிலும் (ஒரே தொகுதியாகத் தயாரித்த தட்டுகளில்) நூறுக்கு மேற்படாத எண்ணிக்கையில் தெரிந்த நுண்ணுயிர்களை இட்டு, அவை எதிர்பார்த்த அளவில் வளர்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் ஏருஜினோசா, கேண்டிடா அல்பிகன்ஸ், ஆஸ்பர்ஜில்லஸ் பிரேசிலியன்சிஸ் ஆகியவை வழக்கமானவை. உங்கள் ஆலையிலேயே முன்பு பிடித்த நுண்ணுயிர்களையும் இதில் சேர்க்க வேண்டும்.

இந்தப் படியில் நானே தவறியிருக்கிறேன். முன்பு வேலை செய்த ஓர் ஆலையில், சி தர அறை ஒன்றின் மேசைகளில் அழுத்தி எடுத்த தொடுதட்டுகள் எல்லாம் வாரக்கணக்கில் சுத்தமாக வந்தன. அதே அறையில் காற்றுக்கு வைத்த தட்டுகளில் மட்டும் வழக்கம்போல் மூன்று, நான்கு காலனிகள் (நுண்ணுயிர் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகள்). உடன் வேலை செய்த தங்கை ஒருத்தி ஒவ்வொரு வாரமும், “அக்கா, மேசை எல்லாம் ஸீரோதான்” என்று மகிழ்ச்சியோடு சொல்வாள்; நானும் கையொப்பமிட்டேன். ஒருநாள் எனக்கு உறுத்தியது. மேசையைத் தொட்டு எடுத்து, எதுவும் வளராத தட்டு ஒன்றில் நாங்களே ஐம்பது அளவில் ஸ்டஃபைலோகாக்கஸ் இட்டு வைத்தோம். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் அப்போதும் ஒன்றும் வளரவில்லை. புதிதாக வாங்கிய அந்தத் தொடுதட்டுகளில் லெசித்தினும் பாலிசார்பேட் 80உம் இல்லை. மேசையில் மிஞ்சியிருந்த கிருமிநாசினி தட்டோடு ஒட்டி வந்து, பிடிபட்ட நுண்ணுயிர்களை வளரவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. அதை முறிப்பதற்கான பொருள்கள்தாம் அந்த இரண்டும். சான்றிதழில் அவை இல்லை என்பது தெளிவாகவே அச்சாகியிருந்தது. நான் அந்த வரியைப் படிக்காமல் விட்டிருந்தேன். அத்தனை வாரப் பதிவுகளுக்கும், முறையிலிருந்து தவறியதைப் பதியும் விலகல் அறிக்கை எழுதினோம்.

அன்றிலிருந்து, தொடர்ந்து வரும் சுழியத்தைக் கண்டால் எல்லை மீறிய எண்ணைப் பார்ப்பதுபோலவே பார்க்கிறேன். உங்களையும் அப்படியே பார்க்கச் சொல்கிறேன்.

நான்காம் படி: மாதிரி எடுப்பது

காற்றை இரண்டு விதமாகப் பிடிக்கிறோம். கருவி காற்றை உறிஞ்சி அகார்மீது மோதவிடுவது ஒன்று. நிமிடத்திற்கு 100 லிட்டர் இழுக்கும் கருவி பத்து நிமிடத்தில் ஒரு கன மீட்டரை முடித்துவிடும். கருவியின் தலைப்பகுதி கிருமி நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும். கருவி வெளியேற்றும் காற்று குப்பிகளின் பக்கம் திரும்பக்கூடாது. மற்றொன்று, 90 மில்லிமீட்டர் தட்டைத் திறந்து வைத்து, தானாக விழுவதைப் பிடிப்பது. ஒரு தட்டு அதிகபட்சம் 4 மணி நேரம். வேலை நீண்டால் புதுத் தட்டு மாற்ற வேண்டும். ஏ தரத்தின் ஓயாத காற்றோட்டத்தில் அகார் காய்ந்துபோகும். நான்கு மணி நேரம் கழித்துத் தட்டைச் சாய்த்துப் பாருங்கள்: அகார் சுருங்கி, தட்டின் ஓரத்தை விட்டு நூலளவு விலகி, நடுவில் தோல்போல் மடிப்பு விழுந்திருந்தால், அதில் விழுந்த நுண்ணுயிர் பிழைத்திருக்காது. உங்கள் தட்டு அந்தக் காற்றில் அத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பதை முன்கூட்டியே சோதித்துப் பதிந்திருக்க வேண்டும்.

மேற்பரப்புக்கு 55 மில்லிமீட்டர் தொடுதட்டு. குவிந்திருக்கும் அகாரைச் சில நொடி சீராக அழுத்தி எடுக்க வேண்டும், தேய்க்கக்கூடாது. எடுத்த இடத்தில் ஊடகத்தின் ஈரம் தங்கிவிடும். அதை 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் உடனே துடைக்காவிட்டால், நாமே அங்கே நுண்ணுயிருக்குச் சோறு வைத்துவிட்டு வந்ததாகும். ஏ தரத்தில் மேற்பரப்பு மாதிரிகளை வேலை முடிந்த பிறகே எடுங்கள்.

கையுறை மாதிரிதான் மனிதரோடு தொடர்புடையது. அதனால் சங்கடமும் அதில்தான் அதிகம். ஐந்து விரல் நுனிகளையும் தட்டில் மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும், ஒவ்வொரு கைக்கும் ஒரு தட்டு. ஆல்கஹால் தெளித்த கையோடு ஒற்றினால் அந்த மாதிரிக்குப் பொருளில்லை. ஆனால் பல ஆண்டு அனுபவமுள்ள ஓர் அண்ணன், தட்டோடு நீங்கள் வருவதைக் கண்டதும் பழக்கத்தில் தெளிப்பானை எடுப்பார். “அண்ணே, முதல்ல தட்டு, அப்புறம் ஸ்ப்ரே” என்று மரியாதையாகச் சொல்லி நிறுத்துங்கள். அவர் பெயரில் ஒரு காலனி வந்தால் தண்டனை வரும் என்ற பயம் இருக்கும் இடத்தில் எந்தக் கையுறைத் தட்டும் உண்மை பேசாது. இதை மேலாளர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஒற்றிய பிறகு கையுறையை மாற்றச் சொல்ல மறக்காதீர்கள்.

ஒவ்வொரு நாளும், திறக்காமல் கூடவே எடுத்துச் சென்று திரும்பிய ஒரு தட்டையும் சேர்த்து இன்குபேட்டரில் அடைகாக்க வையுங்கள். அதில் ஏதாவது வளர்ந்தால், அன்றைய மற்ற எண்களைப் பற்றி வேறுவிதமாக யோசிக்க வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: அடைகாத்தலும் எண்ணுதலும்

பாக்டீரியாவுக்கு 30 முதல் 35 பாகை செல்சியஸ், பூஞ்சைக்கு 20 முதல் 25 பாகை. ஒரே தட்டை இரண்டு வெப்பநிலையிலும் அடுத்தடுத்து வைக்கும் ஆலைகளும் உண்டு. எந்த வரிசை, எத்தனை நாள் என்பதை உங்கள் ஆலையிலேயே நிரூபித்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் குறைந்த வெப்பநிலையை முதலில் வைப்பேன். மெதுவாக எழும் பூஞ்சைக்கு இடம் கிடைக்கும்.

எண்ணும்போது தட்டை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடியுங்கள். குண்டூசி முனையளவு காலனிகள் நேராகப் பார்த்தால் தப்பிவிடும். ஏ, பி தரத் தட்டுகளை இரண்டாமவர் ஒருவரும் தட்டைப் பார்த்தே எண்ண வேண்டும்; தாளைப் பார்த்துக் கையொப்பமிடுவது எண்ணியதாகாது. கண்ட எண்ணைக் கண்ட நேரத்திலேயே எழுதுங்கள்.

ஆறாம் படி: எல்லையும் போக்கும்

முதலாம் இணைப்பின்படி ஏ தரத்தில் எந்த வளர்ச்சியும் இருக்கக்கூடாது. பி தரத்தில் காற்றில் கன மீட்டருக்கு 10 காலனி, நான்கு மணி நேரத் தட்டில் 5, தொடுதட்டில் 5, கையுறையில் 5. சி தரத்தில் முறையே காற்றில் 100, தட்டில் 50, தொடுதட்டில் 25. டி தரத்தில் 200, 100, 50.

இவை உச்ச எல்லைகள். இவற்றை மட்டும் பார்த்து வேலை செய்கிறவர் பாதி வேலைதான் செய்கிறார். சி தர அறை ஒன்றில் ஓராண்டாக 3, 2, 5 என்று வந்துகொண்டிருந்த இடத்தில் ஒருநாள் 30 வந்தால், எல்லையான 100க்கு அது வெகு தூரம். ஆனால் அந்த அறையில் ஏதோ நடந்திருக்கிறது. ஆகவே எச்சரிக்கை அளவை உங்கள் சொந்தத் தரவுகளிலிருந்து கணக்கிட்டு, ஆண்டுக்கு ஒருமுறையாவது திருத்துங்கள். பல இடங்களின் எண்களைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். ஒரு மூலையில் வந்த 12ஐ மற்ற மூலைகளின் சுழியங்கள் விழுங்கிவிடும். பெரும்பாலும் சுழியமே வரும் அறைகளில், எத்தனை மாதிரிகளில் ஏதாவது வளர்ந்தது என்ற விகிதத்தைப் பின்தொடர்வது காலனி எண்ணிக்கையை விடத் தெளிவாகப் பேசும்.

தண்ணீரின் எண்களையும் இதே கோப்பில் வைத்துப் பார்ப்பது நல்லது: சுத்திகரித்த நீருக்கு மில்லிலிட்டருக்கு 100 காலனி, ஊசி மருந்துக்கான நீருக்கு 100 மில்லிலிட்டருக்கு 10.

ஏழாம் படி: யார் என்று கண்டறிந்து, எங்கிருந்து என்று தேடுங்கள்

ஏ, பி தரங்களில் வளர்ந்த எதையும் சிற்றினம் வரை அடையாளம் காண வேண்டும். பெயர் தெரிந்தால் பாதி வழி தெரிந்துவிடும். ஸ்டஃபைலோகாக்கஸ் எப்பிடெர்மிடிஸ், மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ் என்றால் மனிதத் தோல். உடையிலும் கையுறையிலும் அசைவிலும் தேடுங்கள். சூடோமோனாஸ், ரால்ஸ்டோனியா, பர்க்கோல்டேரியா என்றால் தண்ணீர். தேங்கிய குழாய், வடிகால், ஈரத் துடைப்பம். பேசில்லஸ் என்றால் மண்ணும் அட்டைப் பெட்டியும். பூஞ்சை என்றால் எங்கோ ஈரம்.

ஓர் ஆண்டு அக்டோபர் மழையில் எங்கள் சி தர அறை ஒன்றின் தட்டுகளில் ஒரே மாதிரியான காலனி அடுத்தடுத்து வந்தது. மேலே ஆலிவ் கலந்த கரும்பச்சை, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் வெல்வெட் போன்ற பரப்பு, தட்டைத் திருப்பினால் அடியில் கருமை. கிளாடோஸ்போரியம். காற்று வடிகட்டிகளைச் சோதித்தோம், ஓட்டையில்லை. உத்தரத்தில் ஒழுகல் இல்லை. எண்களைத் தேதிவாரியாக எழுதி, பக்கத்தில் சரக்குப் பதிவேட்டை வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ரப்பர் மூடிகள் வந்த நாள்களுக்கு மறுநாளே எண் ஏறியிருந்தது. மழையில் இறக்கிய அட்டைப் பெட்டிகளை ஏர்லாக் வரை கொண்டுவந்து பிரித்திருக்கிறார்கள். அங்கிருந்த சரக்குப் பெட்டகத்தின் கதவு ரப்பரை விரலால் மடித்துப் பார்த்தபோது உள்மடிப்பில் அதே கரும்பச்சை கோடு போட்டிருந்தது.

ஆல்கஹாலால் துடைத்து முடித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். வித்துகளைக் கொல்வதற்கு ஆல்கஹாலை நம்ப முடியாது. ஹைட்ரஜன் பெராக்சைடும் பெரசெட்டிக் அமிலமும் கலந்த வித்துக்கொல்லியை, குறிப்பிட்ட நிமிடங்கள் ஈரம் காயாமல் நிற்கும்படி பூச வேண்டும். நம் ஆட்கள் பெரும்பாலும் பூசிய கையோடு துடைத்துவிடுகிறார்கள், நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். கதவு ரப்பரை மாற்றினோம். அட்டைப் பெட்டிகளைக் கிடங்கிலேயே பிரித்து, உள்பையை மட்டும் பிளாஸ்டிக் பலகையில் கொண்டுவரும்படி செய்தோம். பிறகு அதே இடங்களில் தொடர்ந்து மாதிரி எடுத்து, அந்தக் காலனி திரும்ப வரவில்லை என்று உறுதியான பின்னரே விசாரணையை மூடினோம். காரணம் என்று ஒன்றை எழுதிவிட்டு, அதை நீக்கிய பின் எண் இறங்கியதா என்று பார்க்காமல் மூடிய விசாரணையை நான் ஏற்பதில்லை.

அந்தக் கிளாடோஸ்போரியத்தின் தூய வளர்ப்பைக் கிளிசராலில் கலந்து சிறு குழாய்களில் உறைய வைத்தோம். இப்போது எங்கள் ஆலைக்கு வரும் ஒவ்வொரு புதிய தட்டு லாட்டும் அதை வளர்த்துக் காட்டிய பிறகுதான் சுத்த அறைக்குள் போகிறது.